பறங்கிப்புண் முதல் கோயா ரோகம் வரை

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பறங்கி என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? சிலர் பறங்கிக்காய் என்பீர்கள். சென்னைத் தோழர்கள் பறங்கிமலை ரயில் நிலையத்தைச் சொல்வீர்கள். கடலூர் மாவட்டத்துக்காரர்கள் பறங்கிப்பேட்டையைச் சொல்வீர்கள். நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் பறங்கிப்பட்டை என்று ஒரு சரக்கு கிடைக்கும். இந்த வரிசையில் இன்னொன்றும் உண்டு. இன்று பேச்சில் அதிகம் இல்லை, பழைய அகராதிகளில் இருக்கிறது: பறங்கிப்புண். பறங்கி வியாதி என்றும் சொல்லியிருக்கிறார்கள். இன்று மருத்துவர்கள் சிபிலிஸ் என்று சொல்லும் பால்வினை நோய்தான் அது.

நான் மருத்துவ வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். நோய்களின் பெயர்களைத் தேடி அகராதிகளைப் புரட்டுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அப்படிப் புரட்டியபோது இந்த ஒரு நோய் மட்டும் என்னை விடவில்லை. காரணம், இதற்கு உலகத்தில் இருக்கிற பெயர்களில் பாதி, நோயைப் பற்றி எதையுமே சொல்வதில்லை. பக்கத்து நாட்டுக்காரனைப் பற்றிச் சொல்கின்றன. அவனிலிருந்து தொடங்கி, அந்தப் பெயர்கள் எங்கே போய் முடிகின்றன என்பதை உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

கதை 1494இல் தொடங்குகிறது. பிரெஞ்சு அரசன் எட்டாம் சார்லஸ் இத்தாலி மீது படையெடுக்கிறான். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நேப்பிள்ஸ் நகரத்துக்குள் நுழைகிறான். அவனுடைய படையில் பல நாட்டுக் கூலிப்படை வீரர்கள் இருந்தார்கள். அங்கே ஒரு புதிய நோய் வெடிக்கிறது. உடம்பெல்லாம் புண், எலும்பைத் துளைக்கும் வலி. படை கலைந்து வீரர்கள் ஊர் திரும்பியபோது நோயும் அவர்களோடு ஊர் ஊராகப் போனது. கொலம்பஸின் ஆட்கள் 1493இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்களா, முன்பே ஐரோப்பாவில் இருந்ததா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நமக்கு அந்த வாதம் இப்போது வேண்டாம். பெயர்களை மட்டும் பார்ப்போம்.

இத்தாலியர்கள் இதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். போலந்துக்காரர்களுக்கு இது ஜெர்மானிய நோய். ரஷ்யர்களுக்கு போலந்து நோய். டச்சுக்காரர்களுக்கு ஸ்பானிய நோய். துருக்கியர்கள் ஃபிரெங்கி என்றார்கள், இன்றும் துருக்கி மொழியில் சிபிலிஸுக்கு அதுதான் பெயர். கப்பல் ஏறி ஆசியாவுக்கு வந்த பிறகும் இதே கதைதான். சீனாவில் இதற்குக் கான்டன் புண் என்று ஒரு பெயர் உண்டு. தெற்கே கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகத்தின் மேல் பழி. 1512 வாக்கில் ஜப்பானை எட்டியபோது அங்கே சீனப் புண் என்றும் ரியூக்யூ தீவுகளின் புண் என்றும் அழைத்தார்கள்.

நம் பக்கம் வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்கிறான். 16ஆம் நூற்றாண்டில் பாவமிச்ரர் எழுதிய பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூலில் ஃபிரங்க ரோகம் என்று ஒரு நோய் புதிதாக நுழைகிறது. ஃபிரங்கியரோடு கூடுவதால் வருவது என்று விளக்கமும் இருக்கிறது. தமிழில் பறங்கிப்புண் ஆகிறது. மலையாளத்திலும் அதே பெயர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பறங்கி என்பது ஃபிராங்க் என்ற சொல்லிலிருந்து வந்தது. சிலுவைப் போர்க் காலத்திலிருந்து அரபியரும் பாரசீகரும் மேற்கத்தியர் எல்லோரையும் ஃபரங்கி என்று அழைத்தார்கள். அதுவே இந்தியக் கரைக்கு வந்து பறங்கி ஆனது. பிரான்ஸ் என்ற நாட்டின் பெயரும் அதே ஃபிராங்க் என்பதிலிருந்துதான் வந்தது. ஆக, இத்தாலியன் பிரெஞ்சு நோய் என்று திட்டியதும், நம் ஊர் வைத்தியர் பறங்கிப்புண் என்று சொன்னதும் வேரில் ஒரே சொல். ஒருவருக்கு ஒருவர் தெரியாமலே ஒரே வசையைச் சொல்லியிருக்கிறார்கள்.

மருந்துக்கும் அதே பெயர் வந்ததைப் பாருங்கள். பறங்கிப்பட்டை என்பது சீனாவிலிருந்து வந்த ஒரு கொடியின் கிழங்கு. போர்த்துக்கீசியர் காலத்தில் இந்த நோய்க்கு மருந்தாகப் புகழ் பெற்றது. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா ட ஓர்ட்டாவின் மருத்துவ நூலில் இதைப் பற்றி விரிவாகப் பேசப்படுகிறது. இந்தியில் இதன் பெயர் சோப்சீனி, அதாவது சீனக் கட்டை. சீனாவின் சரக்கு, தமிழில் பறங்கியின் பட்டை ஆகிவிட்டது.

இதுவரை சொன்னது சிரித்துவிட்டுப் போகிற கதை. ஒருவன் இன்னொருவனைச் சொல்கிறான், அவன் திருப்பிச் சொல்கிறான். பிரெஞ்சு நோய் என்ற பெயரால் பிரான்ஸ் அழிந்துவிடவில்லை. பறங்கிப்புண் என்று நாம் சொன்னதால் பீரங்கியோடு வந்த போர்த்துக்கீசியருக்கு ஒரு நட்டமும் இல்லை. சமபலம் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் வைத்துக்கொள்ளும் பட்டப்பெயர் இது. எந்தப் பெயரைத் திருப்பிச் சொல்ல முடியாதோ, அந்தப் பெயரில்தான் சிக்கல் இருக்கிறது.

பறங்கி என்ற சொல்லிலேயே அதற்கு ஒரு சான்று கிடைக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்டவர். அப்போது மதுரையில் பறங்கி என்றால் வெள்ளைக்காரன் என்பது மட்டும் பொருளல்ல. மாட்டுக்கறி தின்பவன், குடிப்பவன், தாழ்த்தப்பட்ட சாதிகளோடு புழங்குபவன் என்று பொருள். கடற்கரையில் மதம் மாறிய பரதவர்களும் பறங்கிக் குலத்தில் சேர்ந்தவர்களாகவே பார்க்கப்பட்டார்கள். நொபிலி என்ன செய்தார்? நான் பறங்கி இல்லை, ரோமாபுரியின் உயர்குலத்தவன் என்று எழுதி அறிவித்தார். காவி கட்டினார், பூணூல் அணிந்தார், கறியை விட்டார், பார்ப்பனச் சமையல்காரர் வைத்துக்கொண்டார்.

ஒரு வெளிநாட்டுச் சொல் தமிழ்நாட்டுக்குள் வந்ததும் அதற்கு ஒரு சாதி கிடைத்துவிட்டது. தீட்டும் சேர்ந்துகொண்டது. பறங்கிப்புண் என்ற பெயரில் இந்தத் தீட்டு வாடையும் அடிக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். நொபிலியால் அதிலிருந்து தப்பிக்க முடிந்தது. உயர்குலம் என்று சொல்லிக்கொள்ள ஒரு ரோமாபுரி இருந்தது, ஏறிக்கொள்ள ஒரு படியும் இருந்தது. கரையில் வலை வீசிக்கொண்டிருந்த பரதவருக்கு அந்தப் படி இல்லை.

சிபிலிஸ் என்பதாவது நடுநிலையான பெயரா? மருத்துவப் பெயர்தானே என்று நினைப்போம். அது ஒரு கவிதையிலிருந்து வந்தது. இத்தாலியில் வெரோனாவைச் சேர்ந்த மருத்துவர் ஃபிராகஸ்டோரோ 1530இல் லத்தீனில் ஒரு நெடும்பாட்டு எழுதினார். அதன் தலைப்பிலேயே பிரெஞ்சு நோய் என்ற வசையும் இருக்கிறது. அதில் சிபிலஸ் என்று ஒரு ஆட்டிடையன் வருகிறான். வறட்சியில் ஆடுகள் சாகின்றன. அவன் சூரியக் கடவுளைப் பழித்துப் பேசிவிட்டு, இனி நான் அரசனைத்தான் கும்பிடுவேன் என்கிறான். கோபம் கொண்ட கடவுள் இந்த நோயை அனுப்புகிறார், முதலில் அவனுக்கே வருகிறது. கதை நடப்பது அமெரிக்கப் பக்கம் இருக்கும் ஒரு தீவில். கடவுளைக் கேள்வி கேட்ட ஒரு ஆடு மேய்ப்பவனுக்குக் கிடைத்த தண்டனை, இன்றைக்கும் உலகம் முழுக்க மருத்துவக் குறிப்பேடுகளில் அவன் பெயராலேயே எழுதப்படுகிறது. கர்ம வினை என்ற சொல் நம் ஊரில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள்.

அடுத்து பெண்கள். நம் பேச்சு வழக்கில் இந்த வகை நோய்களுக்கு என்ன பெயர்? பொம்பளைச் சீக்கு. யாருக்கு வந்தாலும் அதுதான் பெயர். ஆணுக்கு வந்தாலும் பொம்பளைச் சீக்குதான். இது வெறும் பேச்சு வழக்காக நின்றுவிடவில்லை, சட்டமாகவும் இருந்தது. 1868இல் பிரிட்டிஷ் அரசு இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. பாலியல் தொழில் செய்யும் பெண்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், கட்டாய உடல் பரிசோதனைக்கு வர வேண்டும், நோய் இருந்தால் அதற்கென்று இருந்த மருத்துவமனையில் அடைத்து வைப்பார்கள். அவர்களிடம் போன சிப்பாய்களைப் பிடித்து அடைக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. கடுமையான எதிர்ப்புக்குப் பிறகு 1888இல் அது நீக்கப்பட்டது. சட்டம் போய்விட்டது, பெயர் இன்னும் இருக்கிறது.

பெயரை மறைத்தும் கொல்லலாம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் மேக்கன் கவுண்டியில் 1932இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை ஒரு ஆய்வைத் தொடங்கியது. டஸ்கிகி ஆய்வு என்று அதற்குப் பெயர். 600 கறுப்பின ஆண்கள். பெரும்பாலோர் குத்தகை விவசாயிகள். அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் இருந்தது. அவர்களிடம் சிபிலிஸ் என்று சொல்லவில்லை. உங்களுக்குக் கெட்ட ரத்தம், அதற்கு வைத்தியம் பார்க்கிறோம் என்றார்கள். அந்த வட்டாரத்தில் சோகை, களைப்பு, இன்னும் பல கோளாறுகளுக்கு மக்கள் வைத்திருந்த பொதுப்பெயர் அது. உண்மையில் வைத்தியம் எதுவும் பார்க்கவில்லை. நோய் உடம்பை எப்படித் தின்கிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். 1940களில் பென்சிலின் வந்துவிட்டது. ஊசி போட்டால் குணமாகும் நோய். அந்த ஊசியும் அவர்களுக்குப் போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டார்கள். 1972இல் பத்திரிகைகளில் செய்தி வெளியான பிறகுதான் ஆய்வை நிறுத்தினார்கள். 40 ஆண்டுகள். 1997இல் அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார்.

கெட்ட ரத்தம் என்ற சொல்லை நாம் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். ரத்தத்தில் உயர்வு தாழ்வு பார்ப்பது நமக்குப் புதிதா? நம்ம ரத்தம், அவங்க ரத்தம் என்று பெண் பார்க்கும்போது பேசுகிற சமூகம்தானே நம்முடையது!

இனி நம் நாட்டின் காடுகளுக்குள் வருவோம். சிபிலிஸை உண்டாக்குவது டிரெபோனிமா பாலிடம் என்ற பாக்டீரியா. 1905இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். அதே பாக்டீரியாவின் இன்னொரு துணை இனம் யாஸ் என்ற நோயைக் கொடுக்கிறது. யாஸ் பால்வினை நோய் அல்ல. தோலோடு தோல் படுவதால் பரவும். பெரும்பாலும் குழந்தைகளுக்குத்தான் வரும். முதலில் தோலில் புண், கவனிக்காமல் விட்டால் எலும்பைக் கோணலாக்கி முடமாக்கும். இலங்கையில் சிங்களத்தில் யாஸுக்குப் பெயர் பறங்கி. நம் பறங்கியேதான், கடல் தாண்டி வேறொரு நோய்க்குப் போயிருக்கிறது. குழந்தைகளின் நோய்க்கும் அந்நியன் பெயர்.

இந்தியாவில் யாஸுக்கு என்ன பெயர் தெரியுமா? கோயா ரோகம். கோண்டி ரோகம். மடியா ரோகம். கோயா, கோண்டு, மடியா என்பவை ஆந்திரா, ஒடிசா, சத்தீஸ்கர், மகாராஷ்டிரக் காடுகளில் வாழும் பழங்குடி மக்களின் பெயர்கள்.

பிரெஞ்சு நோய்க்கும் கோயா ரோகத்துக்கும் இலக்கணத்தில் வேறுபாடு கிடையாது. இரண்டும் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரை நோய்க்கு ஒட்டியவை. ஆனால் பிரெஞ்சுக்காரனால் நேப்பிள்ஸ் நோய் என்று திருப்பிச் சொல்ல முடிந்தது. கோயா மக்கள் தங்கள் குழந்தைகளின் புண்ணுக்கு சமவெளிக்காரன் நோய் என்றோ, ரோடு போடாதவன் நோய் என்றோ பெயர் வைத்து அதை ஒரு மருத்துவப் பாடநூலில் ஏற்ற முடியுமா? முடியாது. அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான். இங்கே வசை கீழ்நோக்கி மட்டும்தான் பாயும். மேலே இருப்பவனுக்கு ஒரு பெயர் வைத்தால் அது முணுமுணுப்பு. கீழே இருப்பவனுக்கு வைத்தால் அது ஆவணம்.

பெயர் இப்படி ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? நோயின் காரணம் மறைந்துவிடும். யாஸ் பரவக் காரணம் சுத்தமான தண்ணீர் இல்லை, சோப்பு வாங்கக் காசு இல்லை, ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு படுக்க வேண்டிய வீடு, பக்கத்தில் மருத்துவர் இல்லை. கோயா ரோகம் என்று சொன்னதும் இவை எல்லாம் கண்ணை விட்டு மறைகின்றன. அவங்களுக்கு வர்ற நோய், அவங்க பழக்கம் அப்படி என்று முடிந்துவிடுகிறது.

ஆண்டுகளைப் பாருங்கள். பென்சிலின் ஒரே ஊசியில் யாஸ் குணமாகும். 1952 முதல் 1964 வரை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 46 நாடுகளில் பெரிய இயக்கம் நடத்தி இந்த நோயை உலக அளவில் 95 விழுக்காடு குறைத்தன. பிறகு உலகம் அதை மறந்தது. இந்தியாவில் ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் யாஸ் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது 1996இல். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்த் தேடினார்கள். நோயாளிக்கும் அவரோடு பழகியவர்களுக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். கடைசி நோயாளி பதிவானது 2003இல். 2016இல் யாஸ் இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று அளித்தது. வேலை உண்மையிலேயே தொடங்கியதும் ஏழே ஆண்டுகளில் முடிந்தது. அதற்கு முந்தைய முப்பது, நாற்பது ஆண்டுகள் புண்ணோடு வாழ்ந்த குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது? மருந்து இல்லாமல் இல்லை. அவர்கள் வரை நடந்து போக ஆள்தான் இல்லை.

அப்படியானால் பெயரை மாற்றினால் போதுமா? உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. புதிய நோய்களுக்கு ஊர், நாடு, மக்கள், தொழில், விலங்கு ஆகியவற்றின் பெயர்களை வைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. நல்ல விதி. அதனால்தான் 2020இல் கோவிட்-19 என்ற பெயர் வந்தது. இருந்தும் ஒரு நாட்டின் அதிபரே சீன வைரஸ் என்றார். நம் நாட்டில் தப்லீக் ஜமாத் கூட்டத்துக்குப் பிறகு ஒரு கிருமிக்கு மதம் ஒட்டப்பட்டதையும், காய்கறி விற்கும் இஸ்லாமியரைத் தெருவுக்குள் விடாததையும் நாம் பார்த்தோம். அதிகாரபூர்வப் பெயர் சரியாகத்தான் இருந்தது.

பெயர் மாற்றத்தின் பலமும் எல்லையும் நம் இயக்கங்களுக்கு நன்றாகத் தெரியும். பறையர் என்ற சொல் ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் இன்றும் செய்தித்தாள் தலைப்புகளில் வருகிறது. ஒரு மக்களின் பெயரை உலகமே வசையாக வைத்திருக்கிறது. 1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் விளைவாக ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு ஆவணத்தில் ஏறியது. மக்களே கேட்டுப் பெற்ற பெயர் அது. பிறகு ஹரிஜன் என்று மேலிருந்து ஒரு பெயர் வந்தது, அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. இரண்டுமே பெயர் மாற்றம்தான். ஒன்றைக் கேட்டவர்கள் பள்ளிக்கூடமும் நிலமும் வேலையும் சேர்த்துக் கேட்டார்கள். இன்னொன்றைக் கொடுத்தவர்கள் பெயரை மட்டும் கொடுத்தார்கள்.

கடைசியாக, நமக்குள் பேச வேண்டிய ஒன்று. சாதி ஒரு நோய் என்று நம் மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். சாதிப் புற்றுநோய், சாதி என்னும் தொழுநோய் என்று சுவரொட்டிகளிலும் படிக்கலாம். கோபம் நியாயமானது. ஆனாலும் இந்த உவமையை விட்டுவிடலாம் என்று நான் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு காரணங்கள்.

முதலாவது, நோய் யாரும் விரும்பி வருவதல்ல. நோயாளி மேல் குற்றமில்லை. சாதி அப்படியா? தனிக் குவளை வைப்பவர் தெரிந்தே வைக்கிறார். சுடுகாட்டுப் பாதையை மறிப்பவர் தெரிந்தே மறிக்கிறார். மகளைக் கொல்பவர் திட்டம் போட்டுக் கொல்கிறார். இதை நோய் என்று சொன்னால், செய்தவரைப் பாதிக்கப்பட்டவராக மாற்றிவிடுகிறோம். பாவம், அவருக்குச் சாதி நோய் பிடித்திருக்கிறது! வன்கொடுமைக்கு வழக்கு வேண்டும், தண்டனை வேண்டும். நோய்க்கு அது எப்படி வரும்?

இரண்டாவது, அந்தச் சுவரொட்டியைத் தொழுநோயிலிருந்து குணமான ஒருவர் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே மிகக் கேவலமான ஒன்றைச் சொல்வதற்கு நாம் தேர்ந்தெடுத்தது அவருடைய உடம்பை. இத்தாலியனும் போலந்துக்காரனும் செய்த அதே வேலைதான் இது. அவர்கள் நோய்க்கு மனிதர் பெயரை வைத்தார்கள். நாம் கொடுமைக்கு நோயாளியின் பெயரை வைக்கிறோம்.

சாதிக்குச் சாதி என்றே பெயர் இருக்கட்டும். குற்றத்துக்குக் குற்றம் என்று பெயர் இருக்கட்டும். அடுத்த முறை ஊரில் ஒரு காய்ச்சல் பரவும்போது, அது சேரியிலிருந்து வந்தது, வடக்கேயிருந்து வந்த தொழிலாளர்கள் கொண்டுவந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு பெயர் சுற்றத் தொடங்கும். அப்போது அந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று போய்க் கேளுங்கள். நோய்க்கு என்ன பெயர் என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.